அம்மாவின் முட்டி வலியும் ஜிடிஎஃப்5 மரபணுவும்

"ஜிடிஎஃப்5 மரபணுவில் மாற்றம் இருந்தால் மூட்டுத் தேய்மானம் கட்டாயம் வருமா? அம்மாவுக்கு இருக்கிறது, எனக்கும் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் வரும் என்று இல்லை. ஜிடிஎஃப்5 என்பது கருவில் மூட்டுகள் உருவாக உதவும் ஒரு மரபணு. இதே பயத்தோடு இருந்தவள் நான். பாம்பன் பக்கம் எங்கள் ஊர். அம்மாச்சியும் அம்மாவும் வத்தை என்ற சிறு படகில் போய்த் தீவோரம் மூழ்கிக் கடல்பாசி எடுத்தவர்கள். ஐம்பதைத் தாண்டியதும் இரண்டு பேருக்கும் முட்டி பிடித்துக்கொண்டது. நான் விலங்கியல் படித்ததால் இதைத் தேடித் தேடி வாசித்தேன்.

திருக்கை நறுக்கியவர்களுக்குக் குருத்தெலும்பு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நடுத்தண்டில்கூட அரிவாள்மனை கறுக் கறுக்கென்று இறங்கிவிடும். அந்த மீனுக்கு எலும்பே கிடையாது, எல்லாம் குருத்தெலும்புதான். கருவில் நம் கை கால்களும் முதலில் அப்படித்தான் உருவாகின்றன. எலும்பு அப்புறம்தான் வருகிறது. நீளமாக வளரும் அந்தக் குருத்தில் எந்த இடம் மடங்க வேண்டுமோ, அங்கே குறுக்குப் பட்டைபோல ஜிடிஎஃப்5 வேலை செய்யத் தொடங்கும். மூட்டு அங்கேதான் பிரியும். இந்த மரபணு கெட்டுப்போன எலிகளுக்குக் கால்கள் குட்டை, விரல்களில் சில மூட்டுகளே இல்லை. மனிதர்களிலும் அம்மா, அப்பாவிடமிருந்து வரும் இதன் இரண்டு பிரதிகளும் செயலிழந்தால் கை கால் மிகவும் குறுகிப்போகும் ஓர் அரிய நோய் உண்டு.

நீங்கள் பயப்படுவது அதை நினைத்து அல்ல என்று நினைக்கிறேன். 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது சின்ன விஷயம். இந்த மரபணுவின் முன்பகுதியில் ஓரிடத்தில் சிலருக்கு சி என்ற டிஎன்ஏ எழுத்து, சிலருக்கு டி. டி இருந்தால் இந்த மரபணு உண்டாக்கும் புரதம் கொஞ்சம் குறைவாகச் சுரக்கும், தேய்மான வாய்ப்பு கொஞ்சம் கூடும். டி உள்ளவர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அதனால் இதற்கென்று பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள்.

அழற்சி இங்கே எப்படி வருகிறது? மூட்டு அடிபடும்போதும் தேயும்போதும் இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிப் பொருள்கள் கூடும். அவை தூண்டினால் குருத்தெலும்புச் செல்களே எம்எம்பி-13 என்ற நொதியைச் சுரந்து, தம்மைச் சுற்றியுள்ள கொலாஜனை, அதாவது குருத்தெலும்புக்கு வலு தரும் நார்ப் புரதத்தை, வெட்டத் தொடங்கும். ஆய்வகத்தில் மனிதக் குருத்தெலும்புச் செல்களுக்கு ஜிடிஎஃப்5 புரதம் கொடுத்தபோது இந்த நொதி குறைந்தது. கருவில் மூட்டைப் பிரித்துக் கொடுத்த மரபணுவே வயதான மூட்டுக்கும் காவல் நிற்கிறது என்று அதை வாசித்த அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, போனால் எளிதில் திரும்பாது. அதனால்தான் அந்தக் காவல் முக்கியம்.

ஆனால் என் அம்மாவின் முட்டியைத் தேய்த்ததில் மரபணுவைவிட, கரையில் மணிக்கணக்காகக் குத்தவைத்து உட்கார்ந்து பாசி ஆய்ந்ததற்குத்தான் பெரிய பங்கு என்பது என் எண்ணம். தண்ணீருக்குள் மூழ்கும்போது முட்டியில் பாரம் அவ்வளவு இல்லை. உடல் எடையும் தொடைத் தசையின் வலுவும் நம் கையில் இருப்பவை. வீக்கமோ சூடோ இருந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அம்மா இப்போது மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து பாசி ஆய்கிறார். இடையிடையே காலை நீட்டித் தொடையை இறுக்கிப் பத்து எண்ணுகிறார். பக்கத்தில் இருக்கும் அக்காமார்களும் இப்போது பெட்டி கேட்கிறார்கள்.