சாம்பிராணி போட்டதால் என் குழந்தைக்கு ஆஸ்துமா வந்துவிட்டதா?

இல்லை. வாரம் இரண்டு நாள் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு சாம்பிராணி போட்டதால் ஏழு மாதக் குழந்தையின் நுரையீரல் கெட்டுப்போய்விடாது. மல்லிகைப்பூ, அத்தர், பவுடர் என்று உங்கள் கடிதத்தில் நீங்கள் அடுக்கியிருக்கும் கேள்விகளுக்கெல்லாம் அடியில் இந்தப் பயம்தான் இருக்கிறது. அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டேன். குழந்தை மூச்சு விடும்போது கேட்பதாக நீங்கள் எழுதியிருக்கும் ‘கர்கர்’ சத்தம் இந்த வயதில் பெரும்பாலும் மூக்கில் அடைத்த சளியின் சத்தம். முதுகில் கை வைத்தால் அதிரும், அதனால் நெஞ்சே அடைத்துவிட்டதாகத் தோன்றும். யூடியூபில் இருமல் சத்தங்களை ஒப்பிட்டுப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. தயவுசெய்து அதை நிறுத்துங்கள்.

சத்தத்தை விடுங்கள், மூச்சை எண்ணுங்கள். குழந்தை தூங்கும்போதோ அழாமல் படுத்திருக்கும்போதோ சட்டையைத் தூக்கிவிட்டு வயிற்றைப் பாருங்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. கடிகாரத்தை வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது, ஏனென்றால் குழந்தைகளின் மூச்சு சீராக இருக்காது. இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல் போனால் அது வேக மூச்சு, அன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

புகை நல்லது என்று சொல்ல வரவில்லை. கரித்துண்டில் போட்டாலும் கம்ப்யூட்டர் சாம்பிராணி ஏற்றினாலும் வருவது புகைதான். சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழாயை அது இன்னும் உறுத்தும். உங்கள் மாமியார் சொல்வதுபோல அந்தக் காலத்தில் எல்லாக் குழந்தைக்கும் போட்டார்கள்தான். ஆனால் அந்த வீடுகளில் முற்றம் இருந்தது, புகை மேலே போய்விட்டது. நீங்கள் ஏசிக்காக ஜன்னலை அடைத்த படுக்கையறையில் போடுகிறீர்கள். அணையாத கரியை மூடிய அறையில் வைத்தால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவும் சேரும். குழந்தைக்குப் புகை காட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். உங்கள் தலைமுடிக்குப் போட்டுக்கொள்ள ஆசையாக இருந்தால் மொட்டை மாடியில் தாராளமாகப் போடுங்கள். பிள்ளை பெற்ற பிறகு உங்களுக்கென்று இருக்கும் அந்த அரை மணி நேரத்தைப் பறிக்க எனக்கு மனமில்லை.

கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது வேறொரு வரி. சூடத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தடவுவதாகவும், துணியில் முடிந்து தொட்டிலில் கட்டியிருப்பதாகவும் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிச்சை இப்போதே அவிழ்த்து எறியுங்கள். சூடம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். ஒரு கிராம் அளவே சிறு குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது. தவழ ஆரம்பிக்கும் பிள்ளை கையில் கிடைப்பதை வாயில்தான் வைக்கும். நீலகிரித் தைலமும் இதே ரகம்தான், அதைத் தலையணையில் தெளிக்க வேண்டாம். மெந்தால் கலந்த தைலத்தை மூக்கருகே தடவினால் கைக்குழந்தைக்கு மூச்சே சில நொடி நின்றுபோகலாம். தப்பித் தவறி இவற்றில் எதையாவது குழந்தை விழுங்கிவிட்டால் வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு மருந்தைப் பால் கொடுப்பதற்கு முன் விட்டால் போதும்.

பூ வைத்துக்கொண்டால் பால் வற்றிவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மல்லிகையை மார்பில் வைத்துக் கட்டினால் பால் குறையும் என்பது உண்மை. வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் ஆராய்ந்து 1988-இல் வெளியிட்டிருக்கிறார்கள். தலையில் சூடுவது வேறு, தாராளமாக வையுங்கள். அத்தரைக் கழுத்திலும் மார்பிலும் தடவ வேண்டாம், புடவைத் தலைப்பில் ஒரு துளி போதும். கைக்குழந்தை உங்களை அடையாளம் காண்பது உங்கள் உடம்பின் வாசனையை வைத்தும்தான், அதோடு அந்த இடத்தில்தான் வாயையும் வைக்கும். பவுடர் தேவையே இல்லை. கொட்டிப் பறந்தால் மூச்சில்தான் போகும்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய இருமல் சிரப்பை இனி ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்ற இரண்டு மருந்துகள் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே மத்திய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சொல்லிவிட்டது. மூச்சு 50-க்குக் கீழே இருந்தாலும் இந்த வாரத்துக்குள் ஒரு குழந்தைநல மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். போகும்போது அந்த சிரப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.