யார் யாருக்குச் சாயாங்?

அன்புள்ள ஐயா,

கோலாலம்பூரில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, அம்மாவைக் கவனித்துக்கொள்ள சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிவிட்டேன். வயது 41. போன வாரம் கைப்பேசிக்குக் கண்ணாடி ஒட்டப் போன கடையில், இருபது வயதுகூட நிரம்பாத பையன், "வேறென்ன வேண்டும், சாயாங்?" என்றான், மலாயில் 'அன்பே' என்பதுபோல. நம் பையன்தான். "நான் உனக்குச் சாயாங் இல்லை" என்று சொல்லிவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. அம்மாவோ, "பாசமாக ஒரு வார்த்தை சொன்னதற்கா இந்தப் பாடு? தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் கண்ணு, ராசாத்தி என்றுதானே கூப்பிட்டார்கள்" என்கிறார். எனக்குப் பட்டணத்துத் திமிர் ஏறிவிட்டதா?

ம., சுங்கை சிப்புட்

*

அன்புள்ள ம.,

திமிர் இல்லை. ஆனால் அம்மாவின் கேள்வியை அப்படியே தள்ளிவிடவும் முடியாது.

1938இல் மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்ப இந்திய அரசு தடை போடும்வரை, தோட்டத்துக்கு ஆள் பிடித்து மேற்பார்த்த கங்காணிகள் தங்கள் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும்தான் பெரும்பாலும் ஆள் சேர்த்தார்கள். ஆகவே லயத்தில் சிலர் உண்மையிலேயே அத்தை, சித்தப்பா. மற்றவர்களுக்கு முறையைக் கொடுத்துக்கொண்டார்கள். (சாதி குறுக்கே நின்ற வாசல்களும் இருந்தன. அதை மறந்துவிட்டுப் பழங்காலத்தைக் கொஞ்சுவதில் எனக்கு விருப்பமில்லை.) தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் என்னை 'ராசா' என்ற கிழவி, அதே வாயால் திட்டுவாள், தொடையில் கிள்ளுவாள், மூக்கைத் தன் முந்தானையால் துடைத்துவிடுவாள். விடியுமுன் என் அம்மா பிரட்டுக்கு (வேலைக்குமுன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய்விட்டால் என் பசி அவள் பொறுப்பு. அந்த 'ராசா'வுக்குப் பின்னால் ஒரு குவளைக் கஞ்சி இருந்தது.

தொல்காப்பியத்தில் விளிமரபு என்று, பிறரை அழைக்கும் முறைக்குத் தனி இயலே உண்டு. அருகில் இருப்பவனை 'ஊர' என்று குறுக்கி அழைக்கலாம்; தொலைவில் இருப்பவனுக்குக் குரலை அளவு கடந்தும் நீட்டலாம். தூரத்துக்கு ஏற்ற விளி. கடைப்பையன் செய்த பிழை இதுதான் என்பேன்: தூரத்தில் நின்றுகொண்டு அருகில் நிற்பவனின் சொல்லை எடுத்துவிட்டான்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வு பெற்ற ஆண்டில் என் அப்பாவை ஒரு வங்கிக்கு அழைத்துப் போயிருந்தேன். சேமநிதிப் பணத்தைப் போட வேண்டும். வெளுத்த சட்டை, பால் கறை போகாத நகங்கள். முகப்பில் இருந்த வேற்றினத்து இளைஞர், "தம்பி, மாரி சினி" (இங்கே வா) என்றார். அப்பா நகரவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, "உன்னைத்தான் கூப்பிடுகிறார், போ" என்றார். அந்த இளைஞரைப் பொறுத்தவரை தம்பி என்றால் இந்திய ஆண், வயது கணக்கில்லை. அவர் மனத்தில் கெடுதல் இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அப்பா பதிலுக்கு அவரைத் 'தம்பி' என்று கூப்பிட்டிருந்தால்? முறைப்படி அதுதானே சரி?

நாமும் சளைத்தவர்களா? காப்பிக்கடைச் சீன அம்மாவை நான் பல வருடம் 'அமோய்' என்றே கூப்பிட்டுவந்தேன். ஒரு நாள் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, சுத்தமான தோட்டத் தமிழில், "எனக்கு அறுபத்திரண்டு ஆகிறது, பேரன் பள்ளிக்கூடம் போகிறான்" என்றார். அமோய் என்பது ஹக்கா மொழியில் தங்கை. அவர்கள் நம் தம்பியை எடுத்துக்கொண்டு நம்மை அழைக்கிறார்கள், நாம் அவர்கள் தங்கையை எடுத்துக்கொண்டு அவர்களை அழைக்கிறோம். இரண்டு பக்கமும் உறவு, இரண்டு பக்கமும் இளையவர் என்ற தோரணை. அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. முதல் வாரம் சிரித்தார், பிறகு பழகிவிட்டது.

இரவுச் சந்தையில் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) விற்கும் மக்சிக், அதாவது மலாய் அத்தை, எல்லோரையும் சாயாங் என்கிறார், எனக்கும் அது கிடைக்கிறது. கோபம் வருவதில்லை. மலாயில் சாயாங் என்றால் அன்பு. 'ஐயோ பாவம்' என்று பரிதாபப்படவும் அதே சொல்தான். அவர் வாயில் இரண்டும் கலந்திருக்கும், சம்பலைக் கொஞ்சம் கூடுதலாகவே வைப்பார். நானும் சிரித்துக்கொண்டே அவரைச் சாயாங் என்றிருக்கிறேன். உங்கள் கடைப்பையனை நீங்கள் அப்படித் திருப்பி அழைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவனுக்கு அது விற்பனைச் சொல், உங்களுக்கு வம்பு.

அடுத்த முறை, "அக்கா என்று கூப்பிடு" என்று மெதுவாகச் சொல்லுங்கள். கூப்பிடுவான், கெட்ட பையனாகத் தெரியவில்லை.

அம்மாவிடம் மட்டும் ஒன்று கேளுங்கள்: அந்தப் பையன் அவரையே சாயாங் என்றிருந்தால் என்ன செய்திருப்பார்? பதிலை மறக்காமல் எழுதுங்கள்.