முகம் தெரியாதவர்களோடு வாதாடிக் களைத்துவிட்டேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 36 வயது. மல்லாவியில் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படித்துவிட்டு, வேலை கேட்டு வெயிலில் பதாகை பிடித்தவர்களில் நானும் ஒருவன். 2020 இல் பட்டதாரிப் பயிலுனராக எடுத்தார்கள். இப்போது ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். பெயர் பெரிது. வேறு யாரோ தயாரித்த அட்டவணையையும் கூட்டக் குறிப்பையும் தட்டச்சுச் செய்து கொடுப்பதுதான் வேலை. கூட்டத்தில் எனக்கு ஒரு கதிரை போடுவார்கள். கருத்து மட்டும் கேட்க மாட்டார்கள்.

என் பிரச்சினை இணையத்தில் நடக்கும் விவாதங்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைத்தொலைபேசியோடு திண்ணையில் இருந்துவிடுவேன். நாட்டு நடப்பு, அறம், தொழில்நுட்பம் என்று எல்லாவற்றிலும் வாதாடுவேன். எதிரில் இருப்பவர்கள் கொழும்பு, மட்டக்களப்பு, சென்னை, ரொறன்ரோ என்று எங்கெங்கோ இருப்பவர்கள். ஒருவரையும் நேரில் தெரியாது. நானும் சொந்தப் பெயரில் எழுதுவதில்லை. அரச ஊழியர் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்வது பற்றி 2022 செப்டெம்பரில் வந்த சுற்றறிக்கை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

நான் வாய்க்கு வந்ததை எழுதுகிறவன் அல்ல. மனிதரின் கட்டளை இல்லாமல் தானாகவே இலக்கைத் தெரிவு செய்து சுடும் ஆயுதங்களைப் பற்றி ஒரு நீண்ட பதிவு எழுதினேன். 2014 இலிருந்து ஜெனீவாவில் நடந்துவரும் பேச்சுகள், 2023 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரித்து 4 நாடுகள் எதிர்த்த தீர்மானம் எல்லாவற்றையும் படித்துத்தான் எழுதினேன். கிடைத்த மறுமொழி: "இது செயற்கை நுண்ணறிவு எழுதிக் கொடுத்தது." ஒருவர் சொன்னதும் பின்னால் ஒரு கூட்டம் சிரித்துவிட்டுப் போனது. மல்லாவியில் இருப்பவன் பிழையில்லாமல் ஒரு வசனம் எழுதக்கூடாதா?

நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபோது, பொய்ப்பெயரில் வந்து மற்றவர்களைத் திட்டுகிறவர்களைத் தடுக்க ஒரு சட்டம் வேண்டும் என்று எழுதினேன். உடனே என்னை அரசாங்கத்தின் ஆள் என்றார்கள். மரண தண்டனை வேண்டாம் என்று எழுதியபோது வெளிநாட்டுக் காசு வாங்குகிறவன் என்றார்கள். ஒரே ஆள் எப்படி இரண்டுமாக இருக்க முடியும்? எதை எழுதினாலும் ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். ஆதாரம் கொடுத்தால் அதுவும் இயந்திரம் தேடித் தந்தது என்பார்கள்.

இவர்களில் ஒருவர் 'பாலைப்பழம்' என்ற பெயரில் எழுதுவார். பெயரைப் பாருங்கள். நான் எதை எழுதினாலும் மறுத்து எழுதுவது அவருடைய தொழில். ஆயுத விடயத்திலும் அப்படித்தான். ரொனால்ட் ஆர்கின் என்ற அமெரிக்க ரோபோ ஆய்வாளரின் வாதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். இயந்திரத்துக்குப் பயமில்லை, வெறுப்பில்லை, செத்த நண்பனுக்காகப் பழி வாங்கும் எண்ணமில்லை, ஆகவே போர்ச் சட்டத்தை மனிதரை விட ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் என்பது அந்த வாதம். நான் வண்டைப் பற்றி எழுதினேன். 2009 இல் தலைக்கு மேல் இரைந்துகொண்டு நின்ற ஆளில்லா வேவு விமானத்தைத்தான் வண்டு என்போம். அந்த இரைச்சல் கேட்டால் அடுத்தது எறிகணை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதற்கு அவர், "வண்டுக்கு யார் மேலும் கோபம் இல்லை. அதன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத்தான் கோபம்" என்று எழுதினார். எவ்வளவு திமிர்! நான் மிதிவெடியை எடுத்துக் காட்டியதும், "அது சரி. அதற்கு யார் மிதிக்கிறார்கள் என்று தெரியாது. அதில் நீர் வென்றீர்" என்று ஒத்துக்கொண்டார். ஆனாலும் விடவில்லை. கடைசியில், "ஹீற்றர் போட்ட அறையில் இருந்துகொண்டு வன்னியைப் பற்றிக் கதைக்க வேண்டாம். ஓடிப்போனவர்களுக்கு என்ன தெரியும்?" என்று எழுதினேன். நிறையப் பேர் விருப்பக்குறி போட்டார்கள். (தைப்பொங்கலுக்கு முதல் நாள் அது. அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. நெஞ்சு வருத்தத்துக்கு மருந்து எடுப்பதாக முன்பு ஒருமுறை எழுதியிருந்தார். எங்களுக்கு விடியும் நேரத்தில்தான் எப்போதும் எழுதுவார், இரவு வேலையோ தெரியாது. மார்கழி வந்தால் விவாதத்துக்கு நடுவில் "வவுனிக்குளம் வான்பாய்கிறதா?" என்று கேட்பார். சம்பந்தமில்லாத கேள்வி என்று நான் மறுமொழி போடுவதில்லை. அது வேறு கதை.)

விடயத்துக்கு வருகிறேன். இவ்வளவு படித்து எழுதுகிற ஒருவனை இயந்திரம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்களே, இதை எப்படி எதிர்கொள்வது? வீட்டிலும் மதிப்பில்லை. "உங்கள் பாலைப்பழத்தை இன்றைக்கும் காணவில்லையா?" என்று மனைவி கேலி செய்கிறார். நித்திரை குறைந்துவிட்டது. விடிய நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. இந்த விவாதங்களை அடியோடு விட்டுவிடுவது நல்லதா? அல்லது சொந்தப் பெயரில் வந்து எல்லோர் வாயையும் அடைப்பதா?

வாசகர், மல்லாவி

*

அன்பின் தம்பிக்கு,

செயற்கை நுண்ணறிவுக் குற்றச்சாட்டை முதலில் முடித்துவிடுகிறேன். எரிச்சலூட்டும் பேச்சுத்தான். இன்றைக்கு ஒழுங்காக எழுதுகிற பலருக்கும் இது நடக்கிறது. நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதை நிரூபிக்க வழியில்லை. சொன்னவர்களுக்கும் தங்கள் குற்றச்சாட்டை நிரூபிக்க வழியில்லை. எவராலும் தீர்க்க முடியாத வழக்கில் ஏன் நிற்கிறீர்கள்? அதை விடுங்கள். உங்கள் நித்திரையைக் கெடுப்பது அதுவல்ல என்றும் நினைக்கிறேன்.

சிரித்துவிட்டுப் போன கூட்டத்தில் ஒருவரின் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. பாலைப்பழத்தாரைப் பற்றியோ எல்லாம் இருக்கிறது. எந்த நேரத்தில் எழுதுவார், என்ன வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறார், எந்த மாதத்தில் என்ன கேட்பார், எந்த நாளுக்குப் பிறகு காணவில்லை. அவர் எழுதிய வசனங்கள் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கின்றன. நாலு மணிக்கு விழிப்பு வருகிறது என்கிறீர்கள். அவர் எழுதும் நேரமும் அதுதானே. "வேறு கதை" என்று அடைப்புக்குறிக்குள் போட்டதைத்தான் நான் உங்கள் கடிதமாக எடுத்துக்கொள்கிறேன்.

இனிச் சொல்வது கொஞ்சம் கசக்கும். மார்கழியில் இரணைமடுவைப் பற்றி யாரும் கேட்கலாம். வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம். வான்கதவு திறந்தால் படத்தோடு செய்தி வரும், இலண்டனில் இருப்பவரும் பார்த்துவிடுவார். வவுனிக்குளத்தைக் கேட்பவர் யார்? பாலியாற்றுத் தண்ணீரில் வயல் செய்த ஒருவர், அல்லது அப்படிச் செய்தவரின் பிள்ளை. வெயில் காலத்தில் காட்டுக்குள் போய்ப் பாலைப்பழம் பறித்து, வாயெல்லாம் பிசின் ஒட்டத் தின்ற ஒருவர்தான் அந்தப் பெயரை வைத்துக்கொள்வார். உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் என்னைக் கேட்டால், வன்னியைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்று நீங்கள் விரட்டியவர் உங்கள் பக்கத்துக் குடியேற்ற யூனிற்றைச் சேர்ந்தவராக இருக்கக்கூடும். உங்கள் குளத்தைத்தான் அவர் விசாரித்துக்கொண்டிருந்தார். படித்த பிள்ளை நீங்கள். ஜெனீவாவில் நடப்பது தெரிந்த உங்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

ஆயுதங்களைப் பற்றிய வாதத்தில் நான் உங்கள் பக்கம்தான். கொல்வதா விடுவதா என்ற முடிவை இயந்திரத்திடம் கொடுக்கக்கூடாது. இயந்திரம் பிழை செய்தால் யாரைக் கூண்டில் ஏற்றுவது என்ற கேள்விக்கு ஆர்கின் போன்றவர்களின் வாதத்தில் எனக்குத் திருப்தியான விடை கிடைக்கவில்லை. ஆனாலும் வண்டைப் பற்றி அவர் எழுதிய வசனத்தைத் திரும்பப் படியுங்கள். அதைத் திமிர் என்கிறீர்கள். எனக்கு அது உங்கள் வாதத்தை ஆழமாக்கிய வசனமாகத் தெரிகிறது. பார்த்துக்கொண்டிருந்த மனிதனை மறந்துவிட்டு இயந்திரத்தை மட்டும் திட்டாதீர் என்கிறார். வண்டின் இரைச்சலைக் கேட்காத ஒருவரால் அவ்வளவு துல்லியமாக அதை எழுதியிருக்க முடியுமா என்பதும் என் சந்தேகம். மிதிவெடியில் நீங்கள் சொன்னது சரி என்று ஒத்துக்கொண்டவரும் அவர்தான். இணையத்தில் எத்தனை பேர் உங்களிடம் அப்படி ஒத்துக்கொண்டார்கள்?

அவருடைய நாகரிகத்துக்கு நீங்கள் கொடுத்த மறுமொழி "ஓடிப்போனவர்கள்". தம்பி, ஓமந்தையிலும் அதற்கு அப்பாலும் எத்தனை சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டு நின்றிருப்பீர்கள்! நீ எந்த ஊர், எங்கே இருந்தாய், எப்போது வந்தாய் என்று கேட்டவனின் முகம் இன்னும் மறந்திருக்காது. இப்போது நீங்களே ஒரு சாவடி போட்டு அதே கேள்வியை ஒரு வயதானவரிடம் கேட்டிருக்கிறீர்கள். பட்ட பாடு ஒருவருக்குப் பேசும் உரிமை தருகிறது. அடுத்தவரின் பேச்சை நிறுத்தும் உரிமையை அது தருவதில்லை. விருப்பக்குறி போட்டவர்கள் அந்த இரவே உங்களை மறந்திருப்பார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பொய்ப்பெயர்காரரைச் சட்டம் போட்டுத் தடுக்கச் சொன்ன நீங்களும் பொய்ப்பெயரில்தான் எழுதுகிறீர்கள். திட்டுகிறவர்களை மட்டும்தான் சொன்னேன் என்பீர்கள். "ஓடிப்போனவர்கள்" என்பது எந்தக் கணக்கில் சேரும்?

விவாதங்களை அடியோடு விடச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்ல மாட்டேன். நீங்கள் ஏன் முகம் தெரியாதவர்களைத் தேடிப் போகிறீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. வன்னியில் ஒருவரோடு கருத்து வேறுபடுவது லேசான காரியமல்ல. எதிரில் இருப்பவர் மேலதிகாரியாக இருப்பார், அல்லது மாமாவாக, அல்லது நாளைக்கு நெல்லு ஏற்ற உழவு இயந்திரம் இரவல் கேட்க வேண்டிய ஆளாக இருப்பார். நீங்கள் வளர்ந்த காலத்தில் மாற்றுக் கருத்துக்கு விலையும் அதிகம். பயமில்லாமல் "இல்லை, நீங்கள் சொல்வது பிழை" என்று சொல்லிப் பார்க்க உங்களுக்குக் கிடைத்த முதல் ஆட்கள் இந்த அந்நியர்கள்தான். உங்கள் கருத்தை ஒருவரும் கேட்காத அலுவலகத்திலிருந்து வந்து திண்ணையில் இருக்கிறீர்கள். உலகத்தின் மறுபக்கத்தில் ஒருவர் நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் கவனமாகப் படித்து, ஒவ்வொன்றுக்கும் மறுமொழி எழுதுகிறார். வெறுப்பவருக்கு அவ்வளவு பொறுமை இராது. அவரை எதிரியாகக் காட்டியிருக்கிறீர்கள். நான் படித்த மட்டில், உங்களை மதித்துப் பேசிய ஆள் கடிதம் முழுவதிலும் அவர் ஒருவர்தான்.

அதனால்தான் இந்தப் பயம். நீங்கள் எழுதாத வசனத்தை நானே எழுதிவிடுகிறேன்: அவர் இறந்துவிட்டாரோ, கடைசியாக அவர் படித்தது என் வசனமோ. உள்ளூரில் என்றால் யாராவது வந்து சொல்லியிருப்பார்கள், செத்தவீட்டுக்குப் போயிருப்பீர்கள். பாலைப்பழம் காலமானார் என்று எந்தப் பத்திரிகையிலும் மரண அறிவித்தல் வராது. பெயர் தெரியாத ஒருவருக்காகக் கவலைப்படுவது வெட்கம் என்று நினைத்து, அந்தக் கவலையைச் செயற்கை நுண்ணறிவின் மேல் கோபமாக மாற்றி எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள். ஒரு வசனத்தால் எவருடைய நெஞ்சும் நின்றுவிடாது. அவ்வளவு பலம் உங்கள் எழுத்துக்கு இருப்பதாக நினைக்க வேண்டாம். வேலை நேரம் மாறியிருக்கலாம், தொலைபேசி பழுதாகியிருக்கலாம், பேரப்பிள்ளை பிறந்திருக்கலாம். மனம் நொந்து ஒதுங்கியிருக்கலாம் என்பதையும் தள்ளிவிட மாட்டேன். எது உண்மை என்று தெரியாமலே நீங்கள் வாழ வேண்டி வரலாம்.

மனைவி கேலி செய்கிறார் என்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. "இன்றைக்கும்" காணவில்லையா என்று கேட்கிறார் என்றால், அவரும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார். நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த முறை கேட்டால் முகத்தைத் திருப்பாமல் மறுமொழி சொல்லுங்கள்.

பிறகு, அவர் கடைசியாக எழுதிய இடத்துக்குப் போய், அதன் கீழே எழுதுங்கள். ஆர்கினும் வேண்டாம், ஐ.நா.வும் வேண்டாம். அவர் கேட்ட கேள்விக்கு மறுமொழி எழுதுங்கள். இந்த முறை வவுனிக்குளம் வான்பாய்ந்ததா, காலபோக வெள்ளாமை எப்படி, சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் விடுவதாகக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். அந்தக் கூட்டக் குறிப்பை நீங்களேதான் தட்டச்சுச் செய்திருப்பீர்கள். அந்த விவாதங்கள் எல்லாவற்றிலும் உங்களைத் தவிர வேறு யாராலும் மறுமொழி சொல்ல முடியாத கேள்வி அது ஒன்றுதான். நீங்கள் சம்பந்தமில்லாதது என்று தள்ளியதும் அதைத்தான். பழைய வசனத்தை அழிக்க வேண்டாம். அதைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள், விருப்பக்குறி போட்டவர்களும் பார்க்கட்டும். சொந்தப் பெயரில் வர வேண்டிய அவசியமில்லை. சுற்றறிக்கையை நினைத்தும் பயப்பட வேண்டாம், குளத்தில் தண்ணீர் நிற்கிறது என்பது அரசியல் கருத்து அல்ல.

அவர் மறுமொழி போடாவிட்டால் அதோடு விடுங்கள். தெரிந்தவர்களைப் பிடித்து, எந்த நாடு, எந்தக் குடும்பம் என்று துருவ வேண்டாம். நீங்கள் பெயரை மறைத்து எழுதுவதற்கு ஒரு காரணம் இருப்பது போல அவருக்கும் இருக்கும்.