திருகோணமலையில் நாலைந்து ஜீப் சேர்ந்து காட்டுப் பாதை ஓட எது நல்ல காலம்?

மார்கழி விடுமுறையில் வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஐப்பசியிலிருந்து தை வரை இங்கே வடகீழ்ப் பருவ மழை, குளத்தோரப் பாதையெல்லாம் சேறாகிவிடும். கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணியில் வாருங்கள். வெயில் கொளுத்தும்தான், ஆனால் தரை இறுகிக் கிடக்கும்.

முதல் தடவையென்றால் வடக்கே நிலாவெளி, குச்சவெளி, திரியாய், புல்மோட்டை என்று போவது நல்லது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பும் பற்றைக்காடும். பிரதான வீதி நல்ல தார் ரோடு, ரசமெல்லாம் கிளைப் பாதைகளில்தான்.

மணலில்தான் பலர் மாட்டுகிறார்கள். இறங்குமுன் ரயர் காற்றை 18 பி.எஸ்.ஐ அளவுக்குக் குறையுங்கள், ரயர் சப்பையாகி அகலமாகப் பதியும், பாரம் பரவும், புதையாது. புதைந்துவிட்டால் அக்சிலரேட்டரை மிதித்துச் சில்லைச் சுழற்றக் கூடாது, சுழலச் சுழலக் குழிதான் ஆழமாகும். இறங்கி, சில்லுக்குப் பின்னால் உள்ள மணலை வாரி எடுத்துவிட்டு, வந்த தடத்திலேயே மெதுவாகப் பின்னெடுங்கள். தார் ரோட்டுக்கு ஏறியதும் காற்றடிக்க ஒரு சின்னக் கொம்பிரசர் கட்டாயம் வேண்டும், குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் ரயர் சூடேறி வெடிக்கும்.

அப்புறம் யானை. பின்னேரமானால் குளத்துப் பக்கம் இறங்கும், அதனால் இருட்டுமுன் பெரிய ரோட்டுக்கு வந்துவிடுங்கள். தடம் இல்லாத காட்டுக்குள் புதுவழி வெட்ட வேண்டாம், யுத்தம் நடந்த மண் இது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அப்படியே திரும்புங்கள்.