சக்கர நாற்காலிக்கு வீட்டைத் தயார்செய்தல்: முன்னாள் படைவீரர் குடும்பங்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அப்பா ஹவில்தார். முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. புனே கிர்க்கீ மறுவாழ்வு மையத்திலிருந்து வேலூருக்கு அழைத்து வரப்போகிறோம். வாசல் 2 அடி உயரம். கொத்தனார் 6 அடியில் ராம்ப் (சரிவுப்பாதை) போடலாம் என்கிறார். போதுமா?

பதில்: வேண்டாம் அம்மா, போடவிடாதீர்கள். அது பைக் ஏற்றத்தான் ஆகும். நாற்காலியில் ஏறினால் பின்னால் மல்லாந்துவிடும். 1 அங்குல உயரத்துக்கு 1 அடி நீளம் என்பதுதான் கணக்கு. உங்களுக்கு 24 அடி வேண்டும். முன்னால் இடமில்லையென்றால் பக்கச்சுவரை ஒட்டி 12 அடி ஏறி, மூலையில் 5-க்கு 5 அடி சமதளத்தில் திரும்பி, மீதி 12 அடி ஏறட்டும். கதவுக்கு முன்னாலும் அதே 5 அடி சமதளம் கட்டாயம். இல்லையென்றால் பூட்டைத் திறக்கக் கையெடுத்ததும் நாற்காலி பின்னால் உருளும். அகலம் 4 அடி, இரு ஓரமும் 3 அங்குலக் கட்டை, இருபுறமும் கைப்பிடி. வழவழப்பான டைல்ஸ் ஒட்டாமல், சிமென்ட் ஈரமாக இருக்கும்போதே விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுக்கச் சொல்லுங்கள். ராம்ப் தெருவைத் தொடும் இடத்தில் அரை அங்குல மேடு நின்றாலும் முன்சக்கரம் அங்கே முட்டி நிற்கும், ஆள் முன்னால் விழுவார்.

கேள்வி: பாத்ரூம் கதவு இரண்டரை அடி. நாற்காலி 25 அங்குலம். நுழையும்தானே?

பதில்: நுழையாது. 30 அங்குலம் என்பது வாசக்காலின் வெளி அளவு. கட்டையின் கனத்தைக் கழித்தால் 25, திறந்த கதவின் தடிமனும் போனால் 24 கூடத் தேறாது. விரல்முட்டி உரசாமல் போக 32 அங்குல வெற்றிடம் வேண்டும், 36 என்றால் நிம்மதி. சுவரை இடிக்குமுன் மேலே லிண்டல், அதாவது கதவுக்கு மேல் சுவரைத் தாங்கும் கான்கிரீட் உத்தரம், எதுவரை ஓடுகிறது என்று பாருங்கள். இடித்த பிறகும் இருபுறமும் 6 அங்குலமாவது அது சுவரில் உட்கார வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும்.

கேள்வி: கம்மோடு பக்கத்தில் மாட்டிய கைப்பிடி இரண்டே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. ஹாலோ பிளாக் சுவர்.

பதில்: நைலான் பிளக் அந்தக் கல்லின் ஓட்டில் ஓர் அங்குலத்தைத்தான் பிடிக்கும், அதன் பின்னால் வெறும் காற்று. சுவரைத் துளைத்து 10 மி.மீ. திரெட் ராடு (மரை வெட்டிய கம்பி) விட்டு, வெளிப்பக்கம் 6 மி.மீ. இரும்புத் தகடு வைத்து நட் முடுக்குங்கள். வெளியே போக வழியில்லையென்றால் அந்த இடத்துக் கல்லின் பொந்தைத் திறந்து கான்கிரீட் நிரப்பி, 7 நாள் தண்ணீர் விட்டபின் ஆங்கர் போல்ட் போடலாம். துளை வாயில் சிலிகான் அவசியம், நீர் இறங்கினால் போல்ட் துருப்பிடிக்கும். 80 கிலோ ஆள் ஒருவர் தொங்கிப் பார்த்த பிறகே வீரரைத் தொட விடுங்கள். உறிஞ்சி ஒட்டும் கைப்பிடிகளை வாங்கவே வாங்காதீர்கள்.

இன்னொன்று. கம்மோடு உயரம் நாற்காலி இருக்கையின் உயரத்துக்குச் சமமாக இருக்கணும். அவர் உட்கார்ந்து மெத்தை அமுங்கிய நிலையில் அளவெடுங்கள். பெரும்பாலும் 18, 19 அங்குலம் வரும். சாதாரணக் கம்மோடு 16தான். அடியில் கான்கிரீட் மேடை போட்டால் அது கம்மோடின் பாதத்தைத் தாண்டி நீளக்கூடாது, நாற்காலியின் கால்பலகை இடிக்கும். அவர் நகர்ந்து உட்காரும் பக்கம் 3 அடி காலியாக விட்டு, அந்தப் பக்கம் மடக்குக் கைப்பிடி மாட்டுங்கள்.

கேள்வி: கீசர் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம், ஆனால் சூட்டைக் குறைத்து வையுங்கள். காலில் உணர்வில்லாதவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது. முதலில் குளிர்நீரைத் திறந்து, பிறகு வெந்நீரைக் கலந்து, உணர்வுள்ள கையால் தொட்டுப் பார்க்கணும். வாஷ்பேசின் அடியில் போகும் வெந்நீர்க் குழாயை ஃபோம் சுற்றி மூடுங்கள், முழங்கால் அங்கேதான் படும்.

கேள்வி: என் கணவருக்கு முழங்காலுக்கு மேலே ஒரு கால் இல்லை. செயற்கைக் காலில் நன்றாக நடக்கிறார். வீட்டை மாற்றணுமா?

பதில்: இரவு 2 மணிக்கு எழுந்தால் அந்தக் காலை மாட்டிக்கொண்டா போவார்? ஊன்றுகோலோடு போகும் அந்தப் பாதையைப் பாருங்கள். கட்டிலிலிருந்து கை எட்டும் சுவிட்ச், வழியில் மிதியடி இல்லாத தரை, நிலைப்படிக்குப் பதில் சின்னச் சரிவு, பாத்ரூமில் ரப்பர் பாதமுள்ள குளியல் ஸ்டூல். இவற்றை முதலில் செய்யுங்கள்.