முதுகு வளைய மறுக்கிறதா? கேளுங்கள்

பதினெட்டு வருடமாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். முதுகெலும்பைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒன்றாக இங்கே பதில் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வயது 41, கம்ப்யூட்டர் வேலை. நின்றபடி குனிந்தால் கை முழங்காலைத் தாண்டவில்லை. முதுகு இறுகிப்போய்விட்டதா?

பெரும்பாலும் முதுகு பாவம், அதன்மேல் தப்பில்லை. தொடையின் பின்பக்கத் தசை நாற்காலியிலேயே கிடந்து குறுகிப்போயிருக்கும். அது இடுப்பைச் சாய விடாது, நீங்களோ தரையைத் தொட்டே தீருவேன் என்று முதுகை வில்லாக வளைப்பீர்கள், கடைசியில் இடுப்புக்கு மேலே முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டுகள்தான் (டிஸ்க்) அடி வாங்கும். முழங்காலை நன்றாக மடக்கி, வயிறு தொடையில் படும்படி குனியுங்கள். உட்கார்ந்து காலை நீட்டிக் குனியும் பச்சிமோத்தாசனத்திலும் இதே கதைதான், ஒரு போர்வையை மடித்து அதன்மேல் உட்கார்ந்து செய்யுங்கள். கால் விரலைத் தொடுவதைப் பெரிய சாதனையாக நினைப்பதை முதலில் விடுங்கள்.

கேள்வி: காலை 5 மணிக்கு எழுந்த கையோடு செய்தால்தான் பலன் என்கிறார்களே சார்?

எழுந்த கையோடு வேண்டாம். இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், காலையில் நாம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பதே அதனால்தான். அந்த நேரத்தில் ஆழமாகக் குனிந்தால் வட்டுக்கு அழுத்தம் அதிகம். இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் உடம்பால் படித்தேன். புதிதாகக் கற்ற வேகத்தில், மார்கழிக் குளிரில் எழுந்தவுடன் ஹலாசனம் (மல்லாந்து படுத்துக் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது) போட்டு, மூன்று வாரம் செருப்பு மாட்டக்கூட அடுத்தவர் உதவி தேவைப்பட்டது. பல் விளக்கி, வாசல் தெளித்து, கொஞ்சம் நடந்து, ஒரு மணி நேரம் போகட்டும். அவசரம் என்றால் பூனை போல முதுகைத் தூக்கி இறக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாயங்காலம் செய்தாலும் குறைவில்லை, வயிறு காலியாக இருந்தால் சரி.

கேள்வி: உட்கார்ந்து உடம்பைத் திருப்பும் அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தில் திரும்பும்போது இடுப்பில் பிடிக்கிறது.

இடுப்பைத் திருகுகிறீர்கள், அதுதான். முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் உள்ள ஐந்து எலும்புகளும் குனியவும் நிமிரவும் அமைந்தவை. ஐந்தும் சேர்ந்தே ஒரு பக்கம் சுமார் 10 டிகிரிதான் திரும்பும். திருப்பம் வரவேண்டியது விலா எலும்புகள் சேர்ந்திருக்கும் நெஞ்சுப் பகுதியில் உள்ள 12 எலும்புகளிலிருந்து. முதலில் மூச்சை இழுத்து உயருங்கள், மூச்சை விடும்போது தொப்புளுக்கு மேலே இருந்து திரும்புங்கள். கையை நெம்புகோல் மாதிரி வைத்துத் தள்ளாதீர்கள். கழுத்து கடைசியில் வரட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, எலும்பு அடர்த்தி குறைவு என்று ரிப்போர்ட். என்ன ஆசனம் செய்யலாம்?

முன்னால் குனியும் ஆசனம் எதுவும் வேண்டாம், வேகமாகத் திருகுவதும் வேண்டாம். மெலிந்த எலும்பு குனியும்போது முன்பக்கம் நசுங்கிவிடக்கூடும். டாக்டர் சரி என்றால் சுவர் ஓரம் நிமிர்ந்து நிற்கும் தாடாசனம், குப்புறப் படுத்து நெஞ்சை மட்டும் லேசாகத் தூக்கும் புஜங்காசனம், இவை போதும். கீழே உட்கார முடியாவிட்டால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தோளைப் பின்னால் இழுப்பதும் ஆசனம்தான். யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியே ஆசனத்துக்குச் சொன்ன இலக்கணம் ‘ஸ்திரம், சுகம்’ இரண்டும்தானே.

கேள்வி: உடம்பைப் பின்னால் வில்லாக வளைக்கும் சக்கராசனம் எத்தனை நாளில் வரும்?

வராமலே போனாலும் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. குப்புறப் படுத்துக் காலைத் தூக்கும் சலபாசனம் தினமும் செய்யுங்கள், முதுகுக்குப் பலம் வராமல் வளைவு மட்டும் வந்தால் வலிதான் மிஞ்சும்.

கேள்வி: இடது காலில் மின்சாரம் பாய்வது போல வலி. எந்த ஆசனம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம், முதலில் எலும்பு மருத்துவர். கால் மரத்துப்போய் பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காட்டிவிட்டு வந்து அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.