முரட்டு பப்பும் முகம் திருப்பும் பப்பும்

செப்டம்பரில் பர்மிங்காமுக்குப் படிக்க வரவிருக்கும் ஒருவர், "இங்கிலாந்தில் பப்புக்குள் போய், ஏன் உள்ளே வந்தோம் என்று நினைத்ததுண்டா? அடிதடி நடக்கும் இடங்களை எப்படி அடையாளம் காண்பது?" என்று கேட்டிருக்கிறார். கோயம்புத்தூரில் உலோகத்தை உருக்கி வார்க்கும் பவுண்டரி ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, 2010இல் வார்ப்படத் தரக்கட்டுப்பாட்டு வேலைக்காக பர்மிங்காமை ஒட்டிய பிளாக் கன்ட்ரி பகுதிக்கு வந்தவன் நான். அப்படி நினைத்ததுண்டு. ஆனால் அடிதடி நடக்கும் பப்புகளைப் பற்றி மட்டும் எச்சரித்துவிட்டு நிறுத்தினால், என்னை உண்மையில் காயப்படுத்திய இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டவன் ஆவேன். முரட்டு இடம் வேறு, நம்மை வேண்டாம் என்கிற இடம் வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் முதல் சில ஆண்டுகள் நான் தவறாகப் பயந்தேன்.

நம் ஊரில் டாஸ்மாக் பாருக்குப் போகிறவருக்குத் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடக்கூடாதே என்பதுதான் பயம். பப்பில் நிலைமை நேர்மாறானது. அங்கே எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். நம்மை மட்டும்தான் யாருக்கும் தெரியாது. பழைய பப்புகள் பலவற்றில் சன்னல்களுக்கு உள்ளே இருப்பது தெரியாத பனிக்கண்ணாடி போட்டிருப்பார்கள். ஆகவே உள்ளே இருப்பது யார், எத்தனை பேர் என்பது தெரியாமலேயே கதவைத் தள்ள வேண்டும். 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் பப்புக்குள் புகைபிடிக்கத் தடை இருப்பதால், சிகரெட் பிடிப்பவர்கள் வாசலில் கூட்டமாக நிற்பார்கள். புதிதாக வருகிறவர் அந்தக் கூட்டத்தை ஊடுருவித்தான் உள்ளே போயாக வேண்டும். அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு வழிவிடும் அந்த இரண்டு நொடிகளிலேயே வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும்.

நான் அப்படிப் பயந்த முதல் இடம், வந்த ஆண்டின் குளிர்காலத்தில், என் வாடகை அறையிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த ஒரு பப். 1960, 70களில் நகராட்சிக் குடியிருப்புகளுக்கு நடுவே கட்டப்பட்ட தட்டைக்கூரை பப்புகளில் ஒன்று அது. இந்த வகைப் பப்புகளுக்கு நாடு முழுவதும் கெட்ட பெயர் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒரு பைன்ட், அதாவது 568 மில்லி பீர் வாங்கிக்கொண்டு, எங்கே நிற்பதென்று தெரியாமல் கண்ணாடிக் குவளையை, 'பூல்' (pool) எனப்படும் பில்லியர்ட்ஸ் மாதிரியான ஆட்டத்துக்கான மேசையின் விளிம்பில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே மூன்று நாணயங்கள் வரிசையாக இருந்தன. கழுத்து முழுவதும் பச்சை குத்திய ஒருவர் எழுந்து வந்து, குவளையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, முகத்துக்கு மிக அருகில் ஏதோ சொன்னார். அந்தப் பகுதியின் பேச்சு எனக்கு அப்போது பிடிபடவில்லை. அடுத்த ஆட்டம் யாருடையது என்பதை அந்த நாணயங்களின் வரிசைதான் சொல்கிறது, அந்த இடத்தில் வேறெதையும் வைக்கக்கூடாது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். நான் ஒரு வரிசையைக் கலைத்திருந்தேன். அவர் அதைச் சரிசெய்தார், அவ்வளவுதான். அந்த நிமிடத்தில் எனக்குக் கை நடுங்கியது என்பதும் உண்மை.

அன்றிரவே அங்கே சண்டையும் நடந்தது. என்னோடு தொடர்பில்லாத, உறவுக்காரர்கள் இருவருக்கு இடையிலான பழைய பகை அது. ஒரு நாற்காலி சாய்ந்தது, கண்ணாடி உடைந்தது, இருவரும் பூல் மேசையின் மேல் விழுந்து புரண்டார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். கவுன்டருக்குப் பின்னால் இருந்த அறுபது வயது மதிக்கத்தக்க உரிமையாளர் அம்மாள், கவுன்டரின் மடக்குப் பலகையைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பக்கம் வா, பாப்" என்றார். அந்தப் பகுதியில் பலர் எவரையும் 'பாப்' என்று விளிப்பார்கள். எங்கள் கொங்கு நாட்டில் 'கண்ணு' என்பது மாதிரி. குடிக்க வந்தவர்கள் யாரும் கால் வைக்கக்கூடாத அந்தப் பக்கத்தில், பீர் பீப்பாய்க் குழாய்களுக்கு அருகில் என்னை நிற்க வைத்து, சண்டை ஓய்ந்ததும் டாக்சிக்கு அவரே தொலைபேசியில் சொன்னார். காத்திருந்த நேரத்தில் பச்சை குத்தியவர் வந்து, இந்த முறை மெதுவாக, எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். பவுண்டரி என்று சொன்னதும், அவருடைய அப்பாவும் தாத்தாவும் பவுண்டரியில் வேலை பார்த்தவர்கள் என்றார். அந்த இடம் முரடானதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அங்கே என்னை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

என்னை வேண்டாம் என்ற இடம், பார்ப்பதற்கு நாட்காட்டிப் படம்போல இருந்தது. 2014ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் நானும் மனைவியும், பர்மிங்காமிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், வயல்வெளிகளுக்கு இடையே ஐந்து மைல் நடந்துவிட்டு ஒரு கிராமத்து பப்புக்குப் போனோம். கணப்பில் விறகு எரிந்துகொண்டிருந்தது, தரையில் கம்பளம், சுவரில் துலக்கிய பித்தளைச் சாமான்கள். ஒருவரும் பேச்சை நிறுத்தவில்லை, ஒருவரும் முறைக்கவில்லை.

பப்புகளில் பொதுவாக யாரும் மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்பதில்லை. நாம்தான் கவுன்டருக்குப் போய் வாங்கிவர வேண்டும். அங்கே வரிசையாக நிற்கும் வழக்கமும் கிடையாது. கவுன்டர் நெடுகப் பரவலாக நிற்பார்கள். ஆனால் யாருக்குப் பின் யார் வந்தார் என்பது ஊற்றுகிறவருக்கும் தெரியும், நிற்கிறவர்களுக்கும் தெரியும். முறை தவறி நம்மிடம் கேட்டுவிட்டால், "இவர் எனக்கு முன்னால் வந்தவர்" என்று பக்கத்திலிருப்பவரைக் காட்ட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பழக்கங்களில் இதுவும் ஒன்று. அன்று ஊற்றிக்கொண்டிருந்த பெண்ணின் பார்வை எனக்கு இடப்பக்கத்தில் நின்றவரிடமிருந்து வலப்பக்கத்தில் நின்றவரிடம் போயிற்று. நடுவில் நான் நின்ற இடம் வெற்றிடம் என்பதுபோல அதைத் தாண்டிப் போயிற்று. எனக்குப் பிறகு வந்த மூவருக்கு ஊற்றியாயிற்று. அந்த மூவரில் ஒருவர்கூட என்னைக் காட்டவில்லை. நான்காவது முறை நானே வாய்திறந்து கேட்டபோது, சாப்பாடு முடிந்துவிட்டது, மேசைகள் எல்லாம் முன்பதிவு என்று சிரித்த முகத்துடன் சொன்னார். மேசைகள் எதிலும் முன்பதிவு அட்டை இல்லை. நாங்கள் நின்றிருக்கும்போதே உள்ளிருந்து இரண்டு தட்டுகளில் சூடாக வறுத்த இறைச்சி வந்து, எங்களுக்குப் பிறகு வந்த ஒரு தம்பதியின் முன்னால் வைக்கப்பட்டது.

மனைவி என் கையைத் தொட்டு, "எனக்குத் தாகமே இல்லைங்க, போயிடலாம்" என்றார். அவர் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டி இரண்டு மைலுக்கு முன்பே காலியாகிவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

இந்த நாட்டில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி நிறத்துக்காகவோ இனத்துக்காகவோ ஒருவருக்குப் பரிமாற மறுப்பது சட்டவிரோதமல்லவா, ஏன் புகார் செய்யவில்லை என்று நண்பர்கள் கேட்டார்கள். சட்டம் அதைத் தடை செய்திருப்பது உண்மைதான். ஆனால் எதைப் புகாராக எழுதுவது? ஒரு பெண்ணின் கண் என்னைத் தாண்டிப் போயிற்று என்றா? முரட்டு பப்பில் எனக்கு நேர்ந்ததற்குச் சாட்சி சொல்ல முப்பது பேர் இருந்தார்கள். இங்கே நடந்தது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிகிற ஒன்று. வீடு திரும்பும் வழியில், நாமாகக் கற்பனை செய்கிறோமோ என்று எங்களையே நாங்கள் சந்தேகிக்கவும் வைத்தது. அந்தச் சந்தேகம்தான் என்னை நெடுநாள் அரித்தது.

அதிலிருந்து என்னை மீட்டவர், பர்மிங்காமை ஒட்டிய ஸ்மெத்திக் என்ற ஊரில், பஞ்சாபிகள் நடத்தும் ஒரு பப்பில் சந்தித்த முதியவர். பிளாக் கன்ட்ரியில் இப்படிப்பட்ட பப்புகள் பல உண்டு. 'தேசி பப்' என்பார்கள். இரும்புத் தட்டில் சீறிக்கொண்டு வரும் இறைச்சி வறுவலுக்கு வெள்ளைக்காரர்களும் குடும்பத்தோடு வருவார்கள். 1960களில் பவுண்டரி வேலைக்கு வந்த அந்தப் பெரியவர் என் வேலையைக் கேட்டதும், மோல்டு மண்ணில் ஈரம் மிகுந்தால் வார்ப்படத்தில் விழும் ஊதுதுளைகளைப் பற்றிப் பேசத் தொடங்கி, பீரின் குளிர்ச்சி போகும்வரை பேசினார். நான் கிராமத்து பப்பில் நடந்ததைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. பட்டறைச் சூட்டில் பத்து மணி நேரம் வெந்துவிட்டு வந்தால், அக்காலத்தில் பல பப்புகளில் இந்தியர்களுக்குப் பொது பாரில் மட்டும்தான் ஊற்றுவார்கள், மெத்தை நாற்காலி போட்ட உள்ளறையில் ஊற்றமாட்டார்கள், சில இடங்களில் எங்குமே ஊற்றமாட்டார்கள் என்றார்.

1965 பிப்ரவரி 12 அன்று, தான் கொல்லப்படுவதற்கு ஒன்பது நாட்களுக்கு முன்பு, அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸ் ஸ்மெத்திக்குக்கு வந்த கதையையும் பெரியவர் சொன்னார். இந்தியத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த, தாமும் பவுண்டரித் தொழிலாளியான அவதார் சிங் ஜோல் மால்கமை 'புளூ கேட்ஸ்' என்ற பப்புக்கு அழைத்துச் சென்றார். உள்ளறையில் அவர்களுக்கு ஊற்ற மறுத்து, பொது பாருக்குப் போகச் சொன்னார்கள். சான்றில்லாத இந்த அவமானத்துக்குச் சான்று தேடச் சங்கத்தினர் கண்ட வழி எளிமையானது: முதலில் வெள்ளை மாணவர்கள் சிலரை அனுப்பி பீர் வாங்கச் செய்வார்கள், அடுத்து இந்தியர்கள் போய்க் கேட்பார்கள், மறுத்தால், அந்த மாணவர்களே ஏனென்று கேட்பார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இன உறவுகள் சட்டம், பப் போன்ற பொது இடங்களில் இப்படிப் பாகுபாடு காட்டுவதைச் சட்டவிரோதமாக்கியது.

இதைக் கேட்டபோது எனக்குள் இருந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தது. நானும் மனைவியும் கற்பனை செய்யவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே, அந்தப் பார்வை எப்படித் தாண்டிப் போகும் என்பதை அறிந்து, அதைப் பிடிக்க ஒரு வழியும் கண்டுபிடித்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு இரவையும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலை 11, யூரோ கால்பந்து இறுதி ஆட்டம். கொரோனா கட்டுப்பாடுகள் இன்னும் நீங்காததால் பப்பில் எவரும் நின்று குடிக்க முடியாது, மேசைகளில்தான் அமர வேண்டும். வேலையிடத்து நண்பர்கள் ஐந்து பேரோடு, எட்டு ஆண்டுகளாக ஒருவர் மாற்றி ஒருவர் அனைவருக்கும் வாங்கிக் கொடுத்துப் பழகியவர்களோடு, அமர்ந்திருந்தேன். பெனால்டியில் இங்கிலாந்து அணியின் கறுப்பின வீரர்கள் ராஷ்ஃபோர்டு, சாஞ்சோ, சாகா மூவரும் தவறவிட, இத்தாலி வென்றது. எதிரில் இருந்த நண்பர், அந்த மூவரையும் அவர்கள் நிறத்தைச் சொல்லி ஒரு வார்த்தையால் திட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "உன்னைச் சொல்லவில்லை" என்றார். அந்த மேசையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் குவளையில் பாதி பீர் இருந்தது; நான் அதைக் குடிக்கவில்லை. அவர் முரடர் அல்லர், என் திருமண நாளுக்கு வாழ்த்து அனுப்புகிறவர். இன்றுவரை அவரோடு வேலை செய்கிறேன், ஆனால் அதன்பின் அவரோடு அமர்ந்து குடித்ததில்லை.

ஆகவே வரவிருக்கும் தம்பிக்குச் சொல்கிறேன்: கால்பந்து நாளில், 'உள்ளூர் ரசிகர்களுக்கு மட்டும்' என்று கதவில் ஒட்டியிருந்தால் போகாதீர்கள். பூல் மேசையின் விளிம்பில் குவளையை வைக்காதீர்கள். நண்பர்கள் முறை வைத்து வாங்கும்போது உங்கள் முறையைத் தவறவிடாதீர்கள். குரல் உயர்ந்தால் வாசலை நோக்கி அல்ல, கவுன்டரை நோக்கி நகருங்கள். தட்டைக்கூரையையும் பச்சை குத்திய கழுத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கவுன்டரில் நில்லுங்கள், பக்கத்தில் நிற்பவர் உங்களைக் காட்டி, இவர் எனக்கு முன்னால் வந்தவர் என்று சொல்கிறாரா என்று பாருங்கள். சொன்னால் நிம்மதியாக உட்காருங்கள்.

என் மனைவி தேசி பப்புக்கு மகிழ்ச்சியோடு வருவார். கிராமத்து பப்புக்கு அந்த நாளுக்குப் பிறகு வந்ததில்லை. இப்போதும் நாங்கள் வயல்வெளிகளில் நடக்கப் போகிறோம். அவர் பிளாஸ்கில் டீயும் ஒரு புட்டித் தண்ணீர் கூடுதலாகவும் எடுத்துக்கொள்கிறார்.